கார்புரேட்டரும் செவியறிவும்

மைசூரில் 1960களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. அங்கு உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகளை இன்றும் காத்துவருவது பெங்களூரின் பட்டறைகளிலும், ஈஜிபுரா போன்ற குடியிருப்புகளின் வீட்டு வாசல்களிலும் தங்கிவிட்ட கையறிவே.

நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். கம்பியால் குத்தினால் துளை விரிந்து கலவை கெடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. பின்னர் காற்றுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இயந்திரத்தின் ஒலி சீராகும் இடத்தைச் செவியால் அறிவர். ஸ்பார்க் பிளக்கின் நிறம் அதற்குச் சான்று: கருமை பெட்ரோலின் மிகுதி, வெண்மை குறைவு, இளம்பழுப்பு சமநிலை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்துமுறை பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கருவியின் வடிவம் வரைபடங்களில் எஞ்சும். செவியறிவோ உடையவரோடு மறையும். அவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்வது தொழில்நுட்ப வரலாற்றாய்வின் உடனடிக் கடமை.