சுவிஸுக்கு விரித்த வலை

அமெரிக்காவில் வருமான வரியைக் கட்டியாச்சு, கடமை முடிஞ்சுது என்று காலை நீட்டிவிட முடியாது. வெளிநாட்டு பேங்க்கில் பணமிருந்தால் தனியாக இன்னொரு படிவம் உண்டு. பெயர் எஃப்பார். எல்லாக் கணக்கையும் கூட்டி, வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் போதும், சொல்லியாக வேண்டும். வரிபாக்கி இல்லாவிட்டாலும்தான். (அங்கே வரி கட்டுகிற நம்மவர்களின் என்.ஆர்.இ. கணக்கும் இதில் சேர்த்தி.)

1970-ல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம். குறி, ரகசிய சுவிஸ் கணக்குகள். ரொம்ப காலம் தூங்கியது. 2004-ல் தெரியாமல் விட்டவர்களுக்கும் அபராதம் வந்தது. 2009-ல் சுவிஸின் யூபிஎஸ் வங்கி 780 மில்லியன் டாலர் கட்டிப் பணிந்தது.

வலையில் சிக்கிய இன்னொரு மீன், பிட்னர். ருமேனியாவில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, 1990-ல் தாய்நாட்டுக்கே திரும்பித் தொழிலில் கொழித்தவர். 2011-ல் மறுபடி அமெரிக்கா வந்த பிறகுதான் இப்படியொரு படிவம் இருப்பதே தெரிந்ததாம். வேண்டுமென்றே மறைத்தார் என்று அரசாங்கமும் சொல்லவில்லை.

சரி, அபராதம் எவ்வளவு? அஞ்சு வருஷம், அஞ்சு படிவம், தலா 10,000. ஆக 50,000 டாலர் என்றார் பிட்னர். வரித்துறையோ படிவத்தை விட்டுவிட்டு, வருடாவருடம் அவரிடமிருந்த கணக்குகளை எண்ணியது. மொத்தம் 272. எடு 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர்!

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிட்னர் பக்கம் சாய்ந்தது. ஐந்துக்கு நாலு. துறை போட்ட கணக்குதான் சரி என்று நாலு நீதிபதிகள் எழுதிவைத்தார்கள்.