தூவியும் ஈரமும்

தூவி என்பது தமிழில் பழைய சொல். பறவையின் விறைப்பான இறகுகளுக்கு அடியில், உடலை ஒட்டி, ஊதினால் பறந்துவிடும் மென்மையோடு இருப்பது அது. வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலில் அன்னத்தூவி அணை இருக்கிறது. பிற்காலத்தில் பஞ்சசயனம் என்று எண்ணிச் சொன்ன ஐந்து படுக்கைப் பொருள்களிலும் அன்னத்தூவி ஒன்று. வட ஐரோப்பாவிலும் இதுவே வழக்கம். ஐஸ்லாந்துக் கடற்கரையில் ஈடர் வாத்து தன் மார்பிலிருந்து பிடுங்கிக் கூட்டில் பரப்பும் தூவியை அங்குள்ள மக்கள் நூற்றாண்டுகளாகச் சேகரித்து விற்றார்கள். அது பெரும்பாலும் மெத்தைக்கும் போர்வைக்குமே போயிற்று. எடைக்கு எடை இதைவிடக் கதகதப்பான இயற்கைப் பொருளை மனிதர் கண்டதில்லை. அப்படியிருந்தும் மலையேறிகளும் துருவப் பயணிகளும் அதை மேலுடையாக நம்பத் தொடங்கி நூறாண்டுகள்தான் ஆகின்றன. இந்தத் தாமதத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. படுக்கை என்பது மனிதன் உலர்ந்தும் அசையாமலும் இருக்கிற இடம். தூவி மிகச் சிறப்பாக வேலை செய்வதும் அந்த இரண்டு நிலைகளில்தான். இன்று கடையில் தொங்கும் பஃபர் ஜாக்கெட்டுகளில் எது நமக்கு ஏற்றது என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது: எத்தனை டிகிரி குளிர் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு ஈரம், எவ்வளவு உழைப்பு என்று கேட்க வேண்டும்.

தூவிக்குள் சூடு எதுவும் இல்லை. அதன் நுண்ணிழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் காப்பு. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். நீர் அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்தும். நனைந்த தூவி சுருண்டு கட்டியாகிறது. காற்று இருந்த இடத்தில் நீர் புகுகிறது. ஜாக்கெட் சீட்டில் 600, 800 என்று போட்டிருக்கும் எண், குறிப்பிட்ட எடைத் தூவி எவ்வளவு இடத்தை உப்பி நிரப்புகிறது என்பதன் அளவு. அது உலர்ந்த தூவியை ஆய்வகத்தில் அளந்து எழுதிய எண் என்பதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தூவி கட்டிலை விட்டு மேலுடையாக மலைக்கு ஏறிய ஆண்டு 1922. அந்த ஆண்டு எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஜூரிச்சில் படித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கற்பித்தவர். பலூன் செய்யப் பயன்படும் நெருக்கமான துணியை வெளிப்புறமாக வைத்து, உள்ளே ஈடர் வாத்தின் தூவியை நிரப்பி, தனக்கென ஒரு நீண்ட கோட்டை அவரே வடிவமைத்துத் தைப்பித்துக்கொண்டார். கம்பளியும் பட்டும் ட்வீடும் அணிந்த மற்றவர்கள் முதலில் அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலே போகப் போகப் பொறாமைப்பட்டார்கள். ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூசும் கூர்க்கா வீரர் தேஜ்பீரும் 7,700 மீட்டருக்கு மேல் ஒரு கூடாரத்தில் புயலில் சிக்கினார்கள். கூடாரத்தையே பிய்த்தெறியும் காற்றில் அங்கே இரண்டு இரவுகள் கழிந்தன. அதன் பின்னும் மே 27 அன்று ஃபின்ச்சும் புரூசும் ஆக்சிஜன் உதவியோடு சுமார் 8,320 மீட்டர் வரை ஏறினார்கள். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு உயரத்தைத் தொட்டதில்லை.

அந்தக் கோட்டு வென்றதற்குத் தூவியை மட்டும் பாராட்டினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அந்த உயரத்தில் மழை இல்லை, பனி உருகி நனைப்பதும் அரிது, காற்று வறண்டது. பலூன் துணி காற்றை உள்ளே விடாததால் தூவிக்குள் இருந்த காற்று அசையாமல் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்சிஜன் குறைவான அந்த இடத்தில் மனிதன் சில அடி வைத்ததும் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. வியர்த்துக் கொட்டும் அளவுக்கு உழைக்கவே அவனால் முடியாது. உலர்வும் அசைவின்மையும் சேர்ந்த இடம் என்ற வகையில், எவரெஸ்டின் மேற்சரிவு தூவிக்கு இன்னொரு படுக்கையறை.

இந்த விளக்கம் சரியா என்பதைச் சோதிக்க எதிரான சான்று ஒன்று வேண்டும். அது ஃபின்ச்சுக்கு 11 ஆண்டுகள் முன்பே தென்துருவப் பகுதியில் கிடைத்திருக்கிறது. 1911 ஜூன் இறுதியில், அண்டார்க்டிக்காவின் நடுக்குளிர்கால இருட்டில், பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடிக் கேப் க்ரோசியருக்குப் புறப்பட்டார்கள். வெப்பநிலை ஒரு நாள் மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போனது. அவர்களிடம் கலைமான் தோல் தூங்கும் பைகளும், அவற்றுக்குள் போட்டுக்கொள்ள ஈடர் தூவிப் பைகளும் இருந்தன. உலகிலேயே சிறந்த காப்புப் பொருளும் உலகிலேயே வறண்ட குளிரும் ஒன்றுசேர்ந்த இடத்தில் தூவி வென்றிருக்க வேண்டும்; ஆனால் தோற்றது. பனிச்சறுக்கு வண்டிகளைத் தாங்களே இழுத்ததால் அவர்களுக்கு வியர்த்தது. அந்த வியர்வை துணியைத் தாண்டி வெளியே போகுமுன் உறைந்தது. கூடாரத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்த கணத்தில் உடைகள் கவசம்போல் இறுகி, தலையைத் திருப்ப முடியாமல் நின்றார் செர்ரி-கேரார்ட். இரவில் மூச்சும் உடலின் ஆவியும் பைகளுக்குள் பனிக்கட்டியாகச் சேர்ந்தன. ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது அவருடைய பை புறப்பட்டபோது இருந்த எடையைப்போல் இரு மடங்குக்கும் மேல் கனத்தது. கூடிய எடையில் பெரும்பகுதி உடலிலிருந்தே வந்த நீர். வெளியிலிருந்து ஒரு துளி மழை படாமலே நனைந்து போகலாம் என்பதற்கு இதைவிட வலிய சான்று எனக்குத் தெரியாது. வில்சனும் பவர்ஸும் அடுத்த ஆண்டு ஸ்காட்டோடு மடிந்தார்கள். பிழைத்த செர்ரி-கேரார்ட் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்ட ஆண்டும் 1922தான்.

உடலின் ஈரமே எதிரி என்ற இந்த உண்மை வடதுருவப் பகுதியில் வாழ்ந்த மக்களுக்குப் புதிதல்ல. நார்வே துருவப் பயணி அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் மக்களுக்கு அருகே தங்கியபோது அவர்களுடைய கலைமான் தோல் உடையைக் கற்றுக்கொண்டார். ரோமம் உள்நோக்கி ஓர் அடுக்கு, வெளிநோக்கி ஓர் அடுக்கு. இரண்டும் தொளதொளவென்று இருக்கும். உழைக்கும்போது கழுத்து வழியாகச் சூடான ஈரக்காற்று வெளியேறும். ரோமத்தில் படியும் பனியைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். அந்த உடையின் அறிவு, தோலின் கனத்தில் இருப்பதைவிட ஈரத்தை வெளியே அனுப்பும் வழியில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உழைக்கும் மனிதனுக்குத் தூவி ஆகாது என்றால், மலையேறிகள் கம்பளியோடே நின்றிருக்கலாமே? 1924-இல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவினர் அப்படித்தான் நின்றார்கள். குழுப் பூசல்களால் ஃபின்ச் அந்த ஆண்டு சேர்க்கப்படவில்லை; குழுவில் இருந்த மேலோரியும் இர்வினும் பட்டு, பருத்தி, கம்பளி அடுக்குகளின் மேல் கேபர்டின் துணி அணிந்து ஏறிப்போய்த் திரும்பவில்லை. போதாத உடைதான் அவர்களைக் கொன்றது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 1999-இல் மேலோரியின் உடல் கிடைத்த பின், எஞ்சிய துணிகளை ஆராய்ந்து அதே மாதிரி உடையை மறுபடி தைத்தார்கள். 2006-இல் மலையேறி கிரஹாம் ஹாய்லண்ட் அதை எவரெஸ்டின் வடபுறத்தில் அணிந்து பார்த்தார். உடை எடை குறைவாகவும், அசைவுக்கு வசதியாகவும், நல்ல வானிலையில் ஏறிக்கொண்டிருக்கும் வரை போதுமானதாகவும் இருந்தது. வெட்டவெளியில் ஓர் இரவைக் கழிக்க அது போதாது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன், ஏனெனில் அது என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. நடப்பவனுக்கு ஓர் உடை, நிற்பவனுக்கு இன்னொன்று. மேலோரியிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

அமெரிக்காவில் தூவிக் கோட்டைப் பரவலாக்கிய எடி பாயரின் கதை வழக்கமாகச் சொல்லப்படும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1930-களின் நடுவில், சியாட்டிலில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்த அவர், குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போய்ப் பெரும் மீன்சுமையோடு மேடேறினார். நனைந்த கம்பளிக் கோட்டு உடலோடு உறைந்து உயிருக்கே ஆபத்தானது. ரஷ்யப் படையிலிருந்த உறவினர் ஒருவர் தூவி வைத்த கோட்டுகளைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வர, 1936-இல் ஸ்கைலைனர் என்ற ஜாக்கெட்டைத் தைத்தார். 1940-இல் அதன் தையல் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தூவி கீழே சரிந்து தேங்காமல் கட்டம் கட்டமாகத் தைப்பதுதான் இன்றுவரை பஃபர் ஜாக்கெட்டின் முகம். கம்பளி தோற்றது, தூவி காத்தது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆனால் அன்று அவரை வீழ்த்தியது ஈரம். தூவிக் கோட்டு போட்டுக்கொண்டு அதே சுமையோடு அதே மேட்டில் ஏறியிருந்தால் அதுவும் நனைந்திருக்கும், கம்பளியைவிட மோசமாகவே சுருங்கியிருக்கும். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் அவர் தைத்துக் கொடுத்த தூவி உடைகள் அமெரிக்க விமானிகளுக்கு நன்றாக உழைத்தன. உறையும் உயரத்தில், உலர்ந்த விமானத்துக்குள், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தூவி பொருந்தியதில் வியப்பில்லை. பிரான்சில் 1952-இல் தொடங்கிய மோன்க்ளேர் முதலில் தூவி ஜாக்கெட்டைக் கொடுத்தது தன் தொழிலாளிகளுக்கு. அதைக் கண்ட மலையேறி லியோனெல் டெரே மலைக்கு ஏற்றபடி திருத்தச் சொன்னார்; 1954-இல் கே2 சிகரத்தை முதலில் எட்டிய இத்தாலியக் குழு அந்த உடைகளோடு போனது.

பஞ்சு வைத்துத் தைத்த உடையின் வரலாறும் இதையே சொல்கிறது. சோவியத் வீரர்கள் அணிந்த பஞ்சுச் சட்டையும் சீன வீரர்களின் பஞ்சு உடையும் மலிவானவை, உலர்ந்த குளிரில் நல்லவை. பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் நனைந்தபின் காய வைப்பது பெரும்பாடு. 1950 குளிர்காலத்தில், கொரியப் போரின்போது, சோசின் ஏரிப் பகுதியில் சீனாவின் ஒன்பதாம் படைத்தொகுதிக்கு அந்தப் பஞ்சு உடைகூடப் போதிய அளவு வந்து சேரவில்லை. பல்லாயிரக்கணக்கானோர் குளிரால் முடங்கினார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்தான் இதையெல்லாம் அளக்க ஓர் அலகும் பிறந்தது. 1941-இல் காக், பர்ட்டன், பாசெட் என்ற மூவர் ‘க்ளோ’ என்ற அலகை முன்வைத்தார்கள்: 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வசதியாக இருக்கும் உடையின் காப்பு ஒரு க்ளோ. உட்கார்ந்திருப்பவர் என்று நிபந்தனை போட்டதில்தான் அவர்களுடைய நுட்பம் இருக்கிறது. ஓய்வில் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறது. மலையேறும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு. ஒரே குளிரில் ஒரே மனிதருக்கு ஒரு மணி நேரத்துக்குள் தேவை பல மடங்கு மாறுகிறது. அதனால்தான் இத்தனை டிகிரி வரை தாங்கும் என்று ஒரு ஜாக்கெட்டுக்கு எண் போடுவதை நான் நம்புவதில்லை. தூங்கும் பைக்கு அப்படி எண் போட ஐரோப்பாவில் பொதுச் சோதனை முறை உண்டு. சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளக்கிறார்கள். தூங்குபவர் அசைய மாட்டார் என்று கொள்ள முடிவதால் அது சாத்தியமாகிறது. ஜாக்கெட் போட்டவர் என்ன செய்வார் என்று எந்தச் சீட்டும் அறியாது.

ஈரத்துக்கு நேரடியாக விடை தேடியவர்களும் படையினரே. நனைந்தாலும் உப்பலை இழக்காத மாற்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்க, 1980-களில் பிரிமாலாஃப்ட் என்ற நுண்ணிய பாலியஸ்டர் இழை உருவானது. சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதமும் பருத்தி சுமார் 8 சதவீதமும் நீரை உறிஞ்சும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. எடையில் கூடுதல், அழுத்திச் சுருட்டினால் அதிக இடம், சில ஆண்டுகளில் உப்பல் குறையும் என்ற குறைகள் அதற்கு உண்டு. 2012 வாக்கில் நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவியும் சந்தைக்கு வந்துவிட்டது. இனி தூவி, பாலியஸ்டர் என்ற பாகுபாடே வேண்டாம் என்போர் இருக்கிறார்கள். பதப்படுத்திய தூவி மெதுவாக நனைகிறது, விரைவாகக் காய்கிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் கேப் க்ரோசியரில் நடந்தது மேலிருந்து விழுந்த நீரால் அல்ல. ஆவி வெளியேறுமுன் உறையும் குளிரில், வெளித்துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், உழைப்பவரின் வியர்வை அடுக்குகளுக்குள் தங்கத்தான் செய்யும்.

ஆகவே ஜனவரியில் லடாக் போகிறவருக்குத் தூவி பொருந்தும்: அங்குள்ள லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான், காற்று வறண்டது. மணாலியில் உறைநிலையை ஒட்டி விழும் ஈரப்பனியில் அதே பணத்துக்குப் பாலியஸ்டர் நிரப்பிய ஜாக்கெட் நம்பகமானது. ஒரே நாளில் பனியும் மழையும் மாறி மாறிப் பெய்யும் டொராண்டோவில் பேருந்துக்குக் காத்து நிற்கும் தமிழருக்குத் தூவி போதும். ஆனால் அதன் வெளித்துணி நீரைத் தடுப்பதாக இருக்க வேண்டும். ஏறும்போது மெல்லிய கம்பளியோடு ஏறி, தூவியைப் பைக்குள் உலர்வாக வைத்திருந்து, நின்றவுடன், வியர்வை குளிர்வதற்கு முன், எடுத்துப் போட்டுக்கொள்வது எல்லா மலைக்கும் பொருந்தும் பழக்கம்.

1953 எவரெஸ்ட் குழுவினரின் உடைகள், நடப்பதற்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று என்ற இந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டுகின்றன: தூவி ஜாக்கெட்டும் கால்சட்டையும் தனி, அவற்றின் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய உடை தனி. மே 29 அன்று ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றபோது, பலூன் துணியில் தூவி வைத்துத் தைப்பித்த ஃபின்ச், பூனாவில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார்.