எஞ்சிய செல்கள்: மார்பகப் புற்றுநோய் மருந்துகளின் கதை

மார்பகத்தில் தோன்றிய புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்றிவிட்டார்கள். புண்ணும் நன்றாக ஆறிவிட்டது. நோயாளி வீடு திரும்பி, வழக்கம்போல் வேலைகளைச் செய்து வருகிறார். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, முதுகெலும்பில் வலி என்று மருத்துவரிடம் வருகிறார். சோதித்துப் பார்த்தால், அங்கே அதே மார்பகப் புற்றுநோய்! கட்டியை வேரோடு எடுத்த பிறகு இது எங்கிருந்து வந்தது? சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்களைத் திகைக்க வைத்த கேள்வி இது. இதற்கு விடை கண்ட வரலாற்றில் மருத்துவத்தோடு ஓர் எளிய கணக்கும் கலந்திருக்கிறது.

கத்தியின் எல்லை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் செய்த 50 அறுவைகளின் முடிவுகளை 1894-இல் வெளியிட்டார். மார்பகத்துடன் அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றுவது அவர் முறை. புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து படிப்படியாகச் சுற்றுப்புறத்துக்குப் பரவுகிறது. ஆகவே எவ்வளவுக்கெவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று அவர் கருதினார். ஏறத்தாழ 80 ஆண்டுகள் இம்முறையே கோலோச்சியது.

ஆனால், அக்குள் கணுக்களுக்கு நோய் பரவிவிட்ட பெண்களுக்கு அறுவை மட்டும் செய்தபோது, நால்வரில் மூவருக்குப் பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்பி வந்தது. பிட்ஸ்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். கட்டி கையில் தட்டுப்படுவதற்கு வெகு முன்பே சில புற்றுநோய்ச் செல்கள் இரத்தத்தின் வழியே எலும்புக்கோ, நுரையீரலுக்கோ, கல்லீரலுக்கோ போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார் அவர். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். அப்படியானால், ஆயிரம் செல்கள் மட்டுமே கொண்ட ஒரு துணுக்கு எந்த எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும்? கத்தி எட்டாத இடத்துக்கு இரத்தத்தில் கலந்து செல்லும் மருந்துதான் எட்ட வேண்டும்.

நஞ்சிலிருந்து மருந்து

அத்தகைய மருந்து போர்க்களத்திலிருந்து கிடைத்தது. முதல் உலகப் போரில் பயன்படுத்தப்பட்ட கடுகு வாயு, அதற்கு ஆளானவர்களின் எலும்பு மஜ்ஜையைப் பாழாக்கி, வெள்ளையணுக்களை வெகுவாகக் குறைத்தது. அதன் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளை 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லூயி குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தினார்கள். கட்டிகள் வியக்கத்தக்க வகையில் சுருங்கின. ஆனால் விரைவில் மீண்டும் வளர்ந்துவிட்டன. போர்க்கால இரகசியமாக இருந்தமையால் இச்செய்தி 1946-இல்தான் வெளியாயிற்று.

1948-இல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தால், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிவதைக் காட்டினார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

மருந்துகள் கிடைத்தன, நோயும் தணிந்தது. ஆனால் பெரும்பாலும் திரும்பி வந்தது. ஏன்?

ஒரு சின்னக் கணக்கு

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ஹோவர்டு ஸ்கிப்பர் இரத்தப் புற்றுநோயுள்ள சுண்டெலிகளை ஆராய்ந்தார். அவர் 1964-இல் வெளியிட்ட முடிவுகள் இரண்டு. ஒரே ஒரு புற்றுநோய்ச் செல் எஞ்சினாலும் அது பெருகி எலியைக் கொன்றுவிடும் என்பது முதலாவது. ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான செல்களைக் கொல்வதில்லை. குறிப்பிட்ட விகிதத்தையே கொல்கிறது என்பது இரண்டாவது.

இயற்பியல் மாணவர்களுக்கு இது பழகிய செய்தி. கதிரியக்கப் பொருளில் ஓர் அரை ஆயுட்காலத்தில் பாதி அணுக்கள் சிதைகின்றன. அடுத்த அரை ஆயுட்காலத்தில் மீதி முழுவதும் சிதைந்துவிடுவதில்லை, மீதியில் பாதிதான் சிதைகிறது. மருந்தும் இப்படித்தான். ஒரு சுற்று மருந்து நூற்றுக்கு 99 செல்களைக் கொல்வதாக வைத்துக்கொள்வோம். 100 கோடி செல்கள் முதல் சுற்றில் ஒரு கோடியாகும். அப்போதே கட்டி கண்ணுக்கு மறைந்துவிடும்; நோய் தீர்ந்தது என்று நினைப்போம். இரண்டாம் சுற்றில் ஒரு லட்சம், மூன்றாவதில் ஆயிரம், நான்காவதில் பத்து. ஐந்தாம் சுற்றில் பத்தில் ஒரு செல்; அதாவது, பத்து நோயாளிகளில் ஒருவரிடம் ஒரு செல் எஞ்சக்கூடும்.

உடலில் நடப்பது இவ்வளவு எளிதன்று. இரு சுற்றுகளுக்கு இடையில் எஞ்சியவை வளரும். சில செல்கள் மருந்துக்கு அசைந்து கொடுக்க மாட்டா. ஆயினும் கணக்கு மூன்று பாடங்களைத் தந்தது. கட்டி மறைந்த பின்னும் மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரு மருந்துக்குத் தப்பியவற்றை மற்றொன்று பிடிக்கும்படி பல மருந்துகளைச் சேர்த்துத் தர வேண்டும். செல்கள் மிகக் குறைவாக உள்ள நேரத்தில், அதாவது அறுவை முடிந்தவுடனேயே, தொடங்க வேண்டும்.

மிலான் நகரில்

மூன்றாவது பாடத்தைச் செயற்படுத்துவது கடினம். எந்த நோயும் வெளியே தெரியாத ஒரு பெண்ணுக்கு, வாந்தியும் முடி உதிர்தலும் உண்டாக்கும் நஞ்சை எப்படிக் கொடுப்பது? அவருக்கு நோய் திரும்பாமலே போகவும் கூடுமே!

இத்தாலியின் மிலான் நகரிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஜான்னி பொனதொன்னா இதைச் சோதித்தறிய முன்வந்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் நிதியுதவி செய்தது. 1973-இல் தொடங்கிய இச்சோதனையில், அக்குள் கணுக்களில் நோய் இருந்து, அறுவை செய்துகொண்ட 386 பெண்கள் பங்கு பெற்றனர். யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையே முடிவு செய்தது. 207 பேருக்கு மருந்து. 179 பேருக்கு அறுவை மட்டும்.

மருந்துகள் மூன்று: கடுகு வாயுவின் வழிவந்த சைக்ளோஃபாஸ்ஃபமைடு, அமினோப்டெரினின் உறவான மெதோட்ரெக்சேட், 1957-இல் அறிமுகமான ஃபுளூரோயூராசில். நான்கு வாரத்துக்கு ஒரு சுற்றாகப் பன்னிரண்டு சுற்றுகள். வேகமாகப் பிரியும் செல்களையெல்லாம் இவை தாக்குவதால் மயிர்க்கால்களும், குடலின் உட்படலமும், எலும்பு மஜ்ஜையும் கூடவே பாதிக்கப்படும். அவை தேறிக்கொள்ளவே சுற்றுகளுக்கு இடையில் ஓய்வு.

1976 பிப்ரவரியில் முதல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெறாதவர்களில் 24 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்து பெற்றவர்களில் 5.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டு, ஃபிஷர் குழுவினர் மெல்ஃபலான் என்ற ஒற்றை மருந்தைக் கொண்டு செய்த சோதனையும் இதே திசையைக் காட்டியிருந்தது.

பொறுமையின் பயன்

முதல் முடிவைக் கண்டு மகிழ்ந்து கோப்பை மூடிவிடாமல், பொனதொன்னா அதே பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1995-இல் வெளியான இருபதாண்டு முடிவில் வேறுபாடு தொடக்கத்தில் தெரிந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. எனினும், நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் குறைந்திருந்தன. எஞ்சிய செல்கள் உண்மையாகவே இருந்தன. அவற்றில் ஒரு பகுதியினரிடம் மருந்து வென்றது.

கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மருந்தில்லாமலே பிழைத்திருக்கக்கூடிய பெண்களும் அந்த நஞ்சை உட்கொண்டார்கள். எனவே அடுத்த கேள்வி, யாருக்கு இது வேண்டாம் என்பதாயிற்று. ஆறு சுற்றுகளே பன்னிரண்டுக்கு ஈடாகும் என்று மிலான் குழுவினரே பின்னர் காட்டினார்கள். 2018-இல் வெளியான, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு, கணுக்களுக்குப் பரவாத, ஹார்மோனுக்கு இணங்கும் வகைப் புற்றுநோயில், கட்டியின் மரபணுக்களைச் சோதித்துப் பார்த்துப் பெரும்பாலோருக்கு இம்மருந்துகளைத் தவிர்த்து, ஹார்மோன் சிகிச்சை மட்டும் தரலாம் என்று காட்டியது. மிலானின் மூன்று மருந்துக் கூட்டின் இடத்தையும் இன்று பெரும்பாலும் வேறு மருந்துக் கூட்டுகள் பிடித்துவிட்டன.

மருந்து பெறாத அந்த 179 பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா என்று மாணவர்கள் கேட்கலாம். 1973-இல் எந்தப் பக்கம் நன்மை என்று யாருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களே கூடுதலாகத் துன்புற்றிருக்கவும் கூடும். இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்துதான் நமக்கு விடையைத் தந்தார்கள். இன்று மார்பில் ஒரு கட்டி தென்பட்டு, அது வலிக்கவில்லை என்பதற்காகக் காலம் கடத்தாமல் மருத்துவரை நாடும் பெண்ணுக்கு, அந்த 386 பேரின் உதவியும் கிடைக்கிறது. செல்கள் குறைவாக உள்ளபோதே தொடங்கு என்பதுதானே அந்தக் கணக்கு!