உள்ளிழுப்பு அழுத்தக் கோளாறு அறிதல்

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில், இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டால், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும்: கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல், 2,000 மீட்டர் உயரத்தில் 80. இங்கேயே பிசகினால் முதலில் சென்சாரையும் வயரிங்கையும் பார்க்க வேண்டும். சூடேறிய எஞ்சின் ஐட்லிங்கில் 30 முதல் 40 வரை நிற்பது இயல்பு. மேலே ஏறினால் பெரும்பாலும் கேஸ்கட்டிலோ வெடித்த வேக்குவம் ஹோஸிலோ கசிவு. புகை செலுத்தினால் ஓட்டை தெரிந்துவிடும். வால்வு டைமிங் தவறினாலும் இதே எண் வரலாம் என்பதால், எடுத்த எடுப்பில் சென்சாரை மாற்றுவது வீண்செலவு. வேக்குவத்தைக் காட்டும் பழைய முள் கேஜுக்கு இன்றும் மதிப்பு உண்டு: முள் சீரான இடைவெளியில் துள்ளி விழுந்தால் ஏதோவொரு வால்வு சரியாக மூடவில்லை, எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்திருக்கையில் வேக்குவம் மெல்லக் குறைந்துகொண்டே போனால் சைலன்சரிலோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலோ அடைப்பு.