இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா?

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைக் கொண்டு நிலம், கூலி, கடன் என்று விசாரித்து எழுதச் செய்த கிராமங்களில் இதுவும் ஒன்று. பிறகு 1930களில், 1961இல், 1981இல், 2008இல் வேறு வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்கு வந்து கேட்டார்கள்.

நிலம், கடன் பற்றிய கேள்விகளை இப்படிப் பல ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம்; சில கேள்விகள் அத்தனை காலம் தாங்காது. "இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்பது அப்படிப்பட்ட கேள்வி. போன செவ்வாய்க்கிழமை போட்டீர்களா என்றால் யாருக்கு நினைவிருக்கும்?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்த்தவர்கள் சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தினர். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வாழ்ந்த ஏழைகள். அவர்கள் சொன்னதை மட்டும் ஆய்வாளர்கள் நம்பிவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல என்ற முடிவு 1959இல் வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாக அந்த முடிவு வழி திறந்தது.

1990களில் காசநோய்ச் சிகிச்சையில் 'டாட்ஸ்' முறை வந்தது: இன்னொருவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கப் போகும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! மருந்துக்காக அலைந்தால் அன்றைய கூலி போச்சு.

2010களின் நடுவில் '99டாட்ஸ்' அதற்கு ஒரு மாற்றைக் கொண்டுவந்தது. மாத்திரை அட்டைக்கு மேல் ஓர் உறை. மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால், அது இருந்த இடத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். அந்தக் கட்டணமில்லா எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அன்றைய கணக்கு பதிவாகிவிடும். எளிமையான, அழகான யோசனைதான். ஆனால் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் இதைச் சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், அழைப்புக்கும் உண்மைக்கும் போதிய பொருத்தம் இல்லை என்றே தெரிந்தது.

இதில் நோயாளியைக் குறை சொல்வது நியாயமில்லை. போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும், சிக்னல் இருக்காது, அக்கம்பக்கம் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். நேரில் கேட்டாலும் இதே தயக்கம்தான். விழுப்புரம், கடலூர் நோயாளிகளையும் சேர்த்துப் புதுவை ஜிப்மர் மருத்துவமனை நடத்திய காசநோய் ஆய்வில் மதுப்பழக்கத்தைப் பற்றியும் கேட்டார்கள். குடிக்கிறேன் என்று ஒருவர் வாய் திறந்து சொல்ல, கேட்பவர் மேல் நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கை மிஸ்டு காலில் வராது; அழைப்பு வராத வீட்டுக்கு அன்றைக்கே ஒரு சுகாதாரப் பணியாளர் போக வேண்டும். அதற்கான ஆளையும் வண்டிச் செலவையும் அரசு ஒதுக்கட்டும்.