காலதரும் தடவும்

சாளரத்தைக் குறிக்கும் சொற்களுள் காலதர் என்பது தனித்து நோக்கற்பாலது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பலகணி என்னும் பெயர் வடிவு பற்றி எழுந்தது. காலதர் பயன் பற்றி எழுந்தது. ஆங்கிலத்தார் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய நார்சு மொழியிற் 'காற்றுக்கண்' எனப் பொருள்படுவதே.

இது சொல்லளவில் நின்றதொன்றன்று. சிலப்பதிகார அந்திமாலைச் சிறப்புச்செய் காதை, வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி எனப் பருவத்துக்கேற்ற இருவகைப் பள்ளிகளைச் சுட்டுகின்றது. பின்னதன் சாளரங்கள் சிறியன, வேண்டுங்கால் அடைத்தற்குரியன. நெடுநல்வாடை இன்னும் விரிவாகக் காட்டும். வேனிலில் வீசிய விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. மேல்நிலை வேனிற்பள்ளியில் தென்றலை ஏற்ற சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. தண்ணீரை எவரும் நாடவில்லை. அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பின் வெம்மையை நுகர்கின்றனர். அகிலும் அயிரும் புகைக்கப்படுகின்றன. இப்பாட்டு அகமோ புறமோ என்னும் வழக்கில் நாம் காட்டிய ஊக்கத்திற் சிறிதை இம்மனையின் காற்றின்மேலும் செலுத்தியிருக்கலாம்.

இவற்றைக் கொண்டு, காற்றோட்டவியல் முழுதும் முன்னோர் அறிந்ததே என முடிபு கூறுவாருளர். அது பொருந்தாது. இப்பகுதிகள் காட்டுவது வெம்மை தண்மைகளை ஆளும் திறமே. காற்றின் தூய்மை பற்றிய கருத்தன்று. புறக்காற்றுப் புகாது அடைத்த அறையில் கரிநெருப்பு இருப்பின் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு உயிர்வளியினும் மிக வலிதாகப் பிணைந்து உயிரைப் போக்கவல்லது. புகையின்றிக் கனலும் தணல் தீதற்றது என்று கொள்ளற்கு இடமில்லை. நறும்புகையும் நுண்துகள்களை அறையுள் நிரப்புவதே. புலவர் அவ்வறையில் எவர்க்கும் ஊறு நேர்ந்ததாகக் கூறிற்றிலர். நேராமைக்குக் காரணமும் கூறிற்றிலர். தாழிட்ட கதவுகளின் இடுக்குகளே காத்தன போலும்.

அறைக்காற்றின் கேட்டை அளவிட்டுக் கூறும் முறை மிகப் பிற்பட்டது. மியூனிக் நகரத்துப் பெட்டன்கோபர் என்பார், 1858-இல், மக்கள் உறையும் அறையிற் கார்பன் டையாக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என வரையறுத்தார். அவ்வளவில் அவ்வளியே நஞ்சென்று அவர் கருதவில்லை; மூச்சாற் கெட்ட காற்றுக்கு அதனை அடையாளமாகவே கொண்டார். நெடுநல்வாடையின் மாந்தர்க்கு அத்தகைய அடையாளம் ஒன்றேனும் இருந்ததெனக் காட்டும் சொல் அப்பாட்டில் இல்லை.