சிங்கப்பூரின் விளையாட்டரங்குகளும் விளையாட்டு ஒளிபரப்பும்

சிங்கப்பூர் ஒரு நகரமே நாடாக அமைந்த குடியரசு. அதன் பரப்பு நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. அவ்வளவு சிறிய தீவில் ஒரு மைதானத்துக்கு இடம் விட வேண்டுமானால், அங்கே கட்டக்கூடிய வீடுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே அங்குள்ள விளையாட்டரங்குகளின் வரலாறு, நாட்டின் வரலாற்றோடு பிணைந்தது.

பழைய திடல்கள்

'பாடாங்' என்றால் மலாய் மொழியில் திடல். நகரின் நடுவே உள்ள அந்தத் திடலில் ஆங்கிலேயர் கிரிக்கெட் ஆடினர். 1852இல் சங்கமும் அமைத்தனர். தமிழர் மிகுந்த சிராங்கூன் சாலைக்கு அருகில் ஃபேரர் பூங்கா உள்ளது. அங்கே 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பூங்காவில்தான் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். 1943 ஜூலை 5இல் பாடாங்கில் நேதாஜி இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். பாடநூலில் படிக்கும் அந்த வரலாற்றுக்கு இரண்டு விளையாட்டுத் திடல்கள் சாட்சி.

1929இல் ஜாலான் புசார் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் கால்பந்துக்கு அதுவே தலைமை இடம்.

தேசிய விளையாட்டரங்கு

1965இல் தனிநாடானதும் சிங்கப்பூர் தனக்கென ஒரு பெரிய அரங்கைக் கட்ட விரும்பியது. 1968இல் தொடங்கப்பட்ட அரசு லாட்டரி நிறுவனத்தின் வருவாய் அதற்கு உதவியது. 1973 ஜூலை 21இல் பிரதமர் லீ குவான் இயூ காலாங்கில் அரங்கைத் திறந்தார். அந்தச் செப்டம்பரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டியில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த குளோரி பர்னபாஸ் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

மலேசியக் கோப்பை ஆட்டங்களுக்கு 50,000 பேருக்கும் மேல் திரண்டனர். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் சேர்ந்து எழுப்பிய ஆரவாரம் 'காலாங் முழக்கம்' என்றே பெயர் பெற்றது. பல இனத்தவர் வாழும் இளம் நாட்டுக்கு அந்த ஒற்றைக் குரல் பெரிய சொத்து. 1994இல் கோப்பையை வென்ற பிறகு சிங்கப்பூர் அப்போட்டியிலிருந்து விலகியது. முழக்கமும் தணிந்தது.

ஒளிபரப்பு

1963இல் தொலைக்காட்சி வந்தது. 1974 ஜூலை 7இல் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டமே அங்கு வண்ணத்தில் நேரடியாக ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி.

பின்னர் கட்டணத் தொலைக்காட்சி வந்தது. ஸ்டார்ஹப், சிங்டெல் நிறுவனங்கள் உரிமைக்காகப் போட்டியிட்டன. 2010 பருவம் முதல் இங்கிலாந்து பிரிமியர் லீக் சிங்டெல் வசம் போனது. போட்டி மிகுந்தால் விலை குறையும் என்பார்கள். இங்கே உரிமைத்தொகைதான் ஏறியது, சந்தாவும் கூடியது. ஆட்டம் பார்க்க வீட்டில் இரண்டு பெட்டிகள் வேண்டிய நிலையைத் தவிர்க்க, தனியுரிமை பெற்ற நிகழ்ச்சியை மற்ற நிறுவனத்தின் சந்தாதாரரும் பார்க்க வழிசெய்யும் விதியை அரசு 2010இல் கொண்டுவந்தது.

இன்றைய நிலை

பழைய அரங்கு 2007இல் மூடப்பட்டது. அதே இடத்தில் திறந்து மூடும் கூரையுடன் புதிய அரங்கு 2014இல் திறக்கப்பட்டது. தனியார் கூட்டமைப்பு அதை நடத்தியது. பொதுமக்கள் பயன்பாட்டைப் பெருக்கும் நோக்கில் 2022 டிசம்பரில் அரசே பொறுப்பேற்றது.

மைதானமானாலும் திரையானாலும் அங்கே எழுந்த கேள்வி ஒன்றே: விளையாட்டு எல்லாருக்கும் எட்டுகிறதா? நம் ஊர்த் திடலுக்கும் அது பொருந்தும்.